உடைந்த பாத்திரமும் உடையாத உறவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் இலக்கியம் பேசத் தகுந்த அறிஞர் பலர் அமர்ந்திருக்கின்றனர். அடியேன் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பார்சல் அலுவலகத்துப் பேரேடுகளோடு காலம் கழித்து வருபவன். கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் பேசும் ஆற்றல் எனக்கில்லை என்று செயலாளரிடம் சொன்னேன். “உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், நம் குடும்பங்களுக்குப் பயன்படுவதாக இருந்தால் போதும்” என்று அவர்கள் பணித்தார்கள். எனக்குத் தெரிந்தது, உடைந்து வரும் பொருளைப் பற்றிய வழக்கு. நம் காலனியில் சகோதரிகள் சிலர் வீடு வீடாகச் சென்று சமையற் பாத்திரங்கள் விற்று வருவதையும் நாம் அறிவோம். ஆதலின், ‘விற்ற பாத்திரம் பழுதுபட்டுத் திரும்பி வந்தால் விற்றவர் செய்யத்தக்கது யாது?’ என்பதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இது சிறிய பொருள் என்று எண்ண வேண்டா. பிறந்த ஊரை விட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து குடியேறிய நமக்கு, அண்டை வீட்டாரே உற்றார், அவர்களே உறவினர். ஒரு மூடியின் விரிசல் இரண்டு வீடுகளுக்கிடையே விரிசலாக மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

வீடு தேடி வந்த வாணிகம்

வீடு தேடி வந்து பாத்திரம் விற்பது நமக்குப் புதிதன்று. பழைய பட்டுப் புடவையையும் சரிகையையும் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துச் சென்ற வியாபாரிகளை நம் தாய்மார்கள் நன்கு அறிவர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவோரத்தில் துருத்தி வைத்து அமர்ந்த காலமும் உண்டு. குடத்தில் ஒடுக்கு விழுந்தால், அதைத் தட்டி எடுத்துக் கொடுக்கவும் ஆள் இருந்தார். பழுது பார்க்கும் வேலை முழுவதும் நம் கண்ணெதிரே நடந்தது. அதனால் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

இக்காலத்து நேரடி விற்பனைக்கு வேறொரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் எர்ல் டப்பர் என்பவர், காற்றுப் புகாத மூடியுடைய பிளாஸ்டிக் டப்பாக்களை 1946ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடைகளில் அடுக்கி வைத்தபோது அவை எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. மூடியை அழுத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி மூட வேண்டும் என்பது வாங்குவோருக்கு விளங்காமல் போயிற்று. பிரௌனி வைஸ் என்னும் பெண்மணி வீட்டுக் கூடத்திலே அண்டை அயலாரைக் கூட்டி, டப்பாவை மூடிக் காட்டியும் திறந்து காட்டியும் விற்றார். அம்முறை பெருவெற்றி பெற்றது. 1951ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கை விலக்கிக்கொண்டு வீட்டு விற்பனையையே நம்பலாயிற்று. 1996ஆம் ஆண்டில் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது. அதன் பின்னர் நம் ஊர்களிலும் ‘ஆலோசகர்’ என்ற பெயரோடு பல பெண்மணிகள் இத்தொழிலில் இறங்கினர். வேறு பல நிறுவனங்களின் பாத்திரங்களும் அவ்வாறே வீடு வந்து சேர்கின்றன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. இந்தச் சரக்கு விளக்கத்தால் விலைபோகிற சரக்கு. விற்கிறவரின் வாய்ச்சொல் பாத்திரத்தோடு சேர்ந்தே விற்கப்படுகிறது. ஆதலால் பாத்திரம் பழுதுபடும்போது, வாங்கியவர் பாத்திரத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவருவதில்லை. நாம் சொன்ன சொல்லையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்.

கடைக்காரரும் அண்டை வீட்டாரும்

கடைத்தெருவில் வாங்கிய பாத்திரம் பழுதானால் கடைக்காரரோடு வாதாடுகிறோம். தீரவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் வாங்கியது பழுதானால் எங்கே போவது? குழாயடியில் அவரைக் காண வேண்டும். பள்ளிக்கூட வாசலில் காண வேண்டும். கோயிலில் காண வேண்டும். விற்றவருக்கும் அதே சங்கடம்தான்.

சித்தூரில் நான் பணியாற்றிய நாளில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பெயர்கள் வேண்டா. தமிழ்ப் பெண்மணி ஒருவர், பக்கத்துத் தெலுங்குக் குடும்பத்து அம்மையாருக்கு நான்-ஸ்டிக் தோசைக்கல் ஒன்று விற்றார். நான்கு மாதத்தில் மேற்பூச்சு உரியத் தொடங்கிற்று. அம்மையார் கல்லை எடுத்துக்கொண்டு வந்து, “அக்கா, பூச்சு போய்விட்டது, பாருங்கள்” என்றார். விற்றவரோ கல்லைக் கையில் வாங்கிப் பாராமலே, “இரும்புக் கரண்டியால் சுரண்டியிருப்பீர்கள்” என்று சொல்லிவிட்டார். கேட்டவர் மறுமொழி பேசவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டு உகாதிப் பச்சடி அவ்வீட்டிலிருந்து வரவில்லை. அடுத்த சங்கராந்திக்கு இவ்வீட்டுப் பொங்கல் அங்கே போகவில்லை.

பின்னர் அவ்வரிசையில் இருந்த மூத்த அம்மாள் ஒருவர் இருவரையும் தம் வீட்டுக்கு அழைத்து, கல்லை நடுவில் வைத்து, “முதலில் இதைப் பாருங்கள், பிறகு பேசுங்கள்” என்றார். பார்த்தார்கள். கரண்டி கீறிய கோடு ஒன்றுகூட அதில் இல்லை. நடுப்பகுதியில் பூச்சு கொப்புளம்போல் எழும்பி வட்டமாக உரிந்திருந்தது. அம்மையார் வீட்டில் அதற்கென்று மரக்கரண்டியே வைத்திருந்தார் என்பதும் தெரிய வந்தது. உடனே நிறுவனத்துக்கு எழுதலாம் என்றால் ரசீது இல்லை. விற்றவர் ‘பழகிய வீடுதானே’ என்று ரசீது கொடுக்காமல் விட்டிருந்தார். பழைய ஆர்டர்க் கணக்கைத் தேடி எடுத்து, எழுத்துமேல் எழுத்து எழுதிய பிறகு மாற்றுக் கல் வந்து சேர்ந்தது. ஆனால் அவ்விரு பெண்மணிகளும் முன்போலப் பேசிக்கொள்ளப் பின்னும் பல மாதங்கள் ஆயின.

அந்தக் கல்லின் விலையை எண்ணிப் பாருங்கள். கல்லைக் கையில் வாங்கிப் பார்க்க ஆகும் இரண்டு நிமிஷத்தையும் எண்ணிப் பாருங்கள்.

பார்சல் அலுவலகம் கற்பிக்கும் பாடம்

எங்கள் பார்சல் அலுவலகத்துக்குப் பலவகைக் கட்டுகள் வருகின்றன. அண்டா நசுங்கி வரும். கண்ணாடிப் பெட்டியை அசைத்தால் உள்ளே கலகலவென்று ஓசை கேட்கும். வாங்க வந்தவர் கோபத்தோடு நிற்பார். அவ்வேளையில் குமாஸ்தா, ‘குற்றம் எங்களுடையது’ என்றும் சொல்வதில்லை. ‘உங்களுடையது’ என்றும் சொல்வதில்லை. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 81ஆம் பிரிவு ஒரு வழியை வகுத்திருக்கிறது. சரக்கு பழுதான நிலையில் வந்தாலும், கட்டு பிரிக்கப்பட்ட அடையாளம் இருந்தாலும், பெறுகிறவர் கேட்டால் அதைத் திறந்து பார்த்தே ஒப்படைக்க வேண்டும். இதை நாங்கள் ‘ஓபன் டெலிவரி’ என்போம். இருதரப்பாரும் பார்க்கக் கட்டு பிரிக்கப்படும்; கண்டது கண்டபடி எழுதப்படும். யார் பொறுப்பு என்பது அதன் பிறகே முடிவாகும்.

மற்றொன்றும் உண்டு. சரக்கைப் பதிவு செய்யும் வேளையிலேயே கட்டுமானத்தில் குறையிருந்தால் அதையும் ரசீதில் குறித்துவிடுவோம். பின்னால் வழக்கு வந்தால் அக்குறிப்பே சான்றாகும். இழப்பீடு கோருகிறவருக்கும் காலவரை உண்டு. சரக்கை இரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு கூறுகிறது.

இம்முறையை நம் சகோதரிகள் அப்படியே தம் தொழிலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது: புதிய பாத்திரத்தைக் கொடுக்கும் அன்றே, வாங்குகிறவர் முன்னிலையில் பெட்டியைப் பிரித்து, மூடியைப் பொருத்தி, கைப்பிடியை அசைத்துக் காட்டுங்கள். வழியில் நேர்ந்த பழுது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது: பழுதான பாத்திரம் வந்தால், காரணம் பேசுமுன் கையில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். கொண்டுவந்தவரை உட்காரச் சொல்லி, அவர் சொல்வதை முழுதும் கேளுங்கள். “எப்போது முதலில் கண்டீர்கள்? அன்று அதில் என்ன சமைத்தீர்கள்?” என்று வினவுங்கள். “என்ன செய்தீர்கள்?” என்று தொடங்கினால் அது விசாரணையாகிவிடும்.

மூன்றாவது: கண்டதை எழுதுங்கள். வாங்கிய தேதி, பழுது கண்ட தேதி, பாத்திரத்தின் அடியில் பொறித்திருக்கும் எண், பழுதின் இடம், அளவு ஆகியவற்றைக் குறித்து, கைப்பேசியால் படமும் எடுத்துக்கொண்டு, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தெலுங்கர் வீடாயின் தெலுங்கிலே சொல்லுங்கள். தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, ‘சரி என்று சொன்னீர்களே’ என்று பின்னால் வாதிடுவது முறையன்று.

நான்காவது: அன்றே அல்லது மறுநாளே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். விடை வராவிட்டாலும், வாரம் ஒருமுறை அவ்வீட்டுக்குப் போய், “இன்னும் விடை வரவில்லை, மீண்டும் எழுதியிருக்கிறேன்” என்று சொல்லி வாருங்கள். மாற்றுப் பாத்திரம் தாமதமாவதைப் பெரும்பாலோர் பொறுப்பர். விற்றவர் தம்மைக் கண்டு தெருவின் மறுபக்கம் போவதையே யாரும் பொறுப்பதில்லை.

பழுதின் வகை

பழுது நான்கு வகைப்படும். வழியில் நேர்ந்தது ஒன்று. செய்த இடத்திலே அமைந்த குறை ஒன்று. கையாண்ட முறையால் வந்தது ஒன்று. காலத்தால் தேய்ந்தது ஒன்று. முதல் இரண்டும் நிறுவனத்தின் பொறுப்பு. மூன்றாவது பெரும்பாலும் வாங்கியவர் பொறுப்பு. ஆனால் விற்றவர் கையாளும் முறையைச் சொல்லிக் கொடுக்காதிருந்தால் அவருக்கும் அதில் பங்குண்டு. நான்காவது ஒருவர் பொறுப்பும் அன்று.

நம் வீடுகளில் ஈயச்சொம்பில் ரசம் வைத்த காலத்தை நினைவு கூருங்கள். ஈயம் 232 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். வெறுஞ்சொம்பை அடுப்பில் ஏற்றினால் சொம்பு போய்விடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே ஏற்ற வேண்டும். புது மருமகளுக்கு மாமியார் முதல்நாளே இதைச் சொல்லிக் கொடுப்பார். சொல்லாமல் விட்டுச் சொம்பு உருகிப் போனால், பழியில் பாதி மாமியாருக்கும் உண்டு. விற்கிறவரின் நிலையும் இதுவே.

நான்-ஸ்டிக் பாத்திரம் வெறுமையாகப் பெருந்தீயில் காயலாகாது. ஏறக்குறைய 260 பாகைக்கு மேல் அதன் மேற்பூச்சு கெடத் தொடங்கும். இரும்புக் கரண்டியும் கம்பி நாரும் அதற்கு ஆகா. மரக்கரண்டியோ கொட்டாங்கச்சி அகப்பையோ போதும். கீறல் கோடாக இருந்தால் கரண்டியையும் நாரையும் ஐயுறலாம். கோடே இன்றிக் கொப்புளமாக எழும்பியிருந்தால் பூச்சின் குறையோ மிகைவெப்பமோ என்று ஆராய வேண்டும்.

பிளாஸ்டிக் டப்பாவின் மூடி நெளிந்து வந்தால், அடுப்பருகில் வைத்தார்களா, கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்களா என்று கேட்கலாம். மஞ்சள் கறை பழுதன்று. விளிம்பில் தானாகவே விரிசல் ஓடியிருந்தால் அது நிறுவனம் பார்க்க வேண்டிய குறை. கண்ணாடிப் பாத்திரத்தைச் சூட்டோடு குளிர்ந்த நீரில் வைத்தால் வெடிக்கும் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரால் வரும் குழப்பம் ஒன்று உண்டு. பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படலம் படியும். அலுமினியக் குக்கராயின் உட்புறம் கறுத்தும் போகும். ‘உலோகம் கெட்டுவிட்டது, விஷம் ஏறிவிட்டது’ என்று அஞ்சி ஓடி வருவார்கள். புளியோ எலுமிச்சைத் தோலோ இட்டுக் கொதிக்க வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் நீங்கும். இதை அவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே உடனிருந்து செய்து காட்டினால், புகார் கொண்டுவந்தவரே நாலு பேருக்கு உங்களைப் பற்றி நல்லபடி சொல்லுவார்.

பெயர் வெட்டும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வாங்கிய அன்றே பாத்திரத்தில் பெயர் வெட்டிவிடுகிறோம். பெயர் வெட்டிய பாத்திரத்தை மாற்றித் தர நிறுவனங்கள் தயங்கும். ஆதலால் பத்து நாள் புழங்கிப் பார்த்துப் பிறகு வெட்டும்படி சொல்லுங்கள். தாயாரின் பெயர் வெட்டிய பழைய பாத்திரத்தை ஒருவர் கொண்டுவந்து, ‘இதற்குப் பதில் வேறு தருவீர்களா?’ என்று கேட்டால், உடனே புதுப் பாத்திரத்தின் விலைப்பட்டியலை நீட்ட வேண்டா. ஒடுக்கு எடுப்பவரிடமோ பற்றவைப்பவரிடமோ கொடுத்துச் சீராக்க வழி சொல்லுங்கள். அந்தப் பெயருக்கு மாற்று எந்த நிறுவனத்திடமும் இல்லை.

குக்கரில் தாட்சண்யம் கூடாது

மற்றப் பாத்திரம் கெட்டால் பொருள் நஷ்டம். குக்கர் கெட்டால் உயிருக்கே ஆபத்து. அடிப்பாகம் புடைத்திருந்தாலும், மூடி தளர்ந்திருந்தாலும், சேஃப்டி வால்வு உருகிப் போயிருந்தாலும், ‘பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கள்’ என்று சொல்லவே கூடாது. வால்வு உருகுவதற்குப் பெருங்காரணம் தண்ணீரின்றிக் காய்வதும், ஆவிக்குழாய் அடைபடுவதும் ஆகும். அது உருகித் தன் கடமையைச் செய்திருக்கிறது. காரணத்தை அறியாமல் வேறொன்றை மாட்டிவிடுவதே தவறு.

பிரெஸ்டிஜ் குக்கர் செய்யும் டி.டி.கே. நிறுவனத்தின் வரலாற்றில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1970களில் அக்குக்கர்கள் சில இடங்களில் வெடித்தன. நிறுவனத் தலைவராக இருந்த டி.டி. ஜகந்நாதன் காரணத்தை ஆராய்ந்தார். போலியான பாதுகாப்பு வால்வுகளை வாங்கிப் பொருத்தியதே காரணம் என்று தெரிந்தது. ‘போலியை வாங்கியது உங்கள் குற்றம்’ என்று சொல்லிக் கைகழுவியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், வால்வு வேலை செய்யாவிட்டாலும் மூடியின் ஓரத்துத் துளை வழியாக ரப்பர் வளையம் பிதுங்கி ஆவியை வெளியேற்றும்படி மூடியையே மாற்றி அமைத்தனர். பழுதான பாத்திரத்தை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கே இத்தகைய வழி தோன்றும்.

வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. முத்திரையில்லாத குக்கர்களைத் தம் தளத்தில் விற்க இடம் கொடுத்ததற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தண்டம் விதித்து, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்று விலையைத் தரும்படி ஆணையிட்டது. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், முத்திரையில்லாத குக்கரை நாம் தொடவே கூடாது. மாற்று வளையமும் வால்வும் அந்தந்த நிறுவனத்ததாகவே இருக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, ரசீதில் கண்ட காலத்துக்குள், ரசீதில் காலம் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற்று விலையைத் தர மறுப்பது முறையற்ற வாணிகம் என்று அச்சட்டம் கூறுகிறது. ரசீது கொடாமையும் அவ்வாறே முறையற்றது.

நேரடி விற்பனைக்கென்றே 2021 டிசம்பரில் தனி விதிகள் வெளியாயின. அவ்விதிகளின்படி, விற்கச் செல்பவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். முன்கூட்டி இசைவு பெற்றே வீட்டுக்குச் செல்ல வேண்டும். விலை, உத்தரவாதம், திருப்பித் தரும் முறை ஆகியவற்றை உள்ளபடி சொல்ல வேண்டும். நிறுவனத்தில் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். அவர் புகாரை நாற்பத்தெட்டு வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அறிவித்து, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆலோசகர்கள் செய்த விற்பனையால் எழும் குறைகளுக்கு நிறுவனமே பொறுப்பு என்பதும் அவ்விதிகளில் உண்டு. இவ்விதிகளை அறிந்தால் சகோதரிகளுக்கு அச்சம் நீங்கும்.

நிறுவனம் செவிசாய்க்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் முறையிடலாம். அதற்கு மேலும் வேண்டுமாயின் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

இரயில்வே குடும்பத்தாருக்கு மட்டும் ஒரு குறிப்பு. 1966ஆம் ஆண்டு இரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின் 15ஆம் விதிப்படி, முன் அனுமதியின்றி ஊழியர் தாமே வியாபாரம் செய்யக் கூடாது. மனைவியோ குடும்பத்தாரோ வியாபாரமோ கமிஷன் ஏஜென்சியோ நடத்தினால் அதை மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு பாத்திரத் தகராறில் கோபங்கொண்ட ஒருவர் மேலிடத்துக்கு எழுதுமுன், நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நலம்.

வாழ்நாள் உத்தரவாதம் யார் வாழ்நாள்?

‘ஆயுள் முழுதும் உத்தரவாதம்’ என்ற சொல் இத்தொழிலில் மிகுதியாக வழங்குகிறது. ஆனால் 2024 செப்டம்பரில் டப்பர்வேரின் அமெரிக்கத் தாய்நிறுவனமே கடன் தாங்காமல் அங்குள்ள நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. பாத்திரத்தின் ஆயுளுக்கு மட்டுமன்றி நிறுவனத்தின் ஆயுளுக்கும் எல்லையுண்டு என்பதை உலகம் கண்டது. ஆகவே, உத்தரவாதத்தை நம் வாயால் நீட்டிச் சொல்லலாகாது. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, அட்டையைக் கையில் கொடுப்பதே முறை.

சில சகோதரிகள், ‘புகார் எதற்கு? என் கைப்பணத்தில் வேறொன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்’ என்று செய்வதுண்டு. அவர்கள் நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த வழக்கம் நல்லதன்று. பத்துப் பாத்திரம் விற்ற கமிஷன் ஒரு பாத்திரத்தில் போய்விடும். நிறுவனத்துக்குத் தன் சரக்கின் குறை தெரியாமலே போகும். அதே குறையுள்ள பாத்திரம் அடுத்த வீட்டுக்கும் வரும். அட்டையில் இல்லாததை நாமே வாக்களித்திருந்தாலோ, நம் தாமதத்தால் காலவரை கடந்து போயிருந்தாலோ மட்டும் நம் கையிலிருந்து கொடுப்பது தர்மம்.

பழுது வாங்கியவரின் கையாளுகையால் வந்ததென்று தெளிவானால், அதை மறைக்கவும் வேண்டா. நாலு பேர் முன்னிலையில் சொல்லவும் வேண்டா. தனியே, மெதுவாக, பாத்திரத்தைக் காட்டியே சொல்லுங்கள். “அம்மா, இந்த நிறத்தைப் பாருங்கள், இது வெறுமையாகக் காய்ந்ததால் வருவது. நிறுவனம் இதை ஏற்காது. ஆனால் மூடியும் கைப்பிடியும் நன்றாக இருக்கின்றன, அடிப்பாகம் மட்டும் தனியே கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன்” என்றால் எவரும் வருந்தமாட்டார்.

வாங்குவோர் கடமை

விற்கிறவர்களுக்கே உபதேசம் செய்து முடித்தால் அது நடுநிலையாகாது. வாங்குகிறவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைப்போம். பழுது கண்ட அன்றே சொல்வோம். உடைந்த துண்டுகளை எறிந்துவிடாமல் வைத்திருப்போம். வேறிடத்தில் தட்டிக்கொட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோகாமல் இருப்போம். குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்தது உண்மையாயின் அதையும் சொல்லிவிடுவோம். விற்ற சகோதரி அதை நம்பி நிறுவனத்துக்கு எழுதித் தலைகுனிய நேரலாகாது. அதுபோலவே, கொலுப் பார்க்க வந்தவர்களிடம் விற்பனை விரிப்பதையும் சகோதரிகள் தவிர்க்க வேண்டும். தாம்பூலம் வாங்க வந்தவர் விலைப்பட்டியலை வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கக் கூடத்தில் மகளிர் அணியார் ஒரு மேஜையும் ஒரு குறிப்பேடும் வைத்து அமரலாம். பழுதான பாத்திரத்தை விற்றவரும் வாங்கியவரும் அங்கே கொண்டுவந்து ஒன்றாகப் பார்க்கலாம். அனுபவமுள்ள மூத்த தாய்மார்கள் கருத்துச் சொல்லலாம். கடிதம் எழுத உதவி வேண்டுவோருக்கு எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் எழுதிக் கொடுக்கலாம். தெலுங்குச் சகோதர சகோதரிகளையும் அழைப்போம். அறிவிப்பை இரு மொழியிலும் ஒட்டுவோம். முதற்குறிப்பேட்டை நானே வாங்கித் தருகிறேன்; கடிதம் எழுதும் பணியையும் ஏற்றுக்கொள்கிறேன்.

நல்ல முறையில் விற்று, நேர்ந்த குறையை நேரில் பார்த்து, எழுதி, முடிவு வரை உடன்நின்று தீர்த்து வைக்கும் சகோதரிகள் நம் காலனிக்குப் பெருமை தேடித் தருகிறவர்கள். அவர்கள் குடும்ப வருவாயும் பெருகட்டும். வாங்கியவர் அடுப்பும் குறைவின்றி எரியட்டும். உகாதிப் பச்சடியும் பொங்கலும் வீட்டுக்கு வீடு தடையின்றிச் சென்று வரட்டும்.